த்ரெட் முடியும்போது யார் பெருக்கித் துடைப்பது? டெஸ்ட்ரக்டரோடு கூடிய த்ரெட்-லோக்கல் ஸ்டோரேஜை நாமே எழுதும் முழு வழிகாட்டி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று ஏறும் மாதங்களில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து காற்றின் வேகம், திசை, மின்திறன் ஆகியவற்றை நொடிக்கு ஒரு பதிவாக வாங்கி வட்டில் எழுதும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24 காற்றாலைகளுக்கு 24 த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் 24 வேலையோட்டங்கள். ஒரு பதிவு 64 பைட். ஒவ்வொரு பதிவுக்கும் வட்டைத் தொடுவது வீண் செலவு என்பதால், த்ரெட் ஒவ்வொன்றும் தனக்கென்று 4,096 பைட் பஃபர் வைத்திருக்கிறது. 64 பதிவுகள் சேர்ந்ததும் மொத்தமாக எழுதிவிடும்.

பராமரிப்புக்காக ஒரு காற்றாலையை நிறுத்துகிறார்கள். அதன் த்ரெட் முடிகிறது. அந்த நேரத்தில் பஃபரில் 63 பதிவுகள்வரை எழுதப்படாமல் கிடக்கலாம். ஒரு நிமிடத்துக்கும் மேலான தரவு. அதை யார் எழுதுவது, திறந்த கோப்பை யார் மூடுவது?

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மரத்துக்கு ஒரு சிரட்டை. ஒரு மரத்தின் பால் இன்னொரு மரத்தின் சிரட்டையில் விழாது, அதுதான் த்ரெட்-லோக்கல். ஆனால் வெட்டிவிட்டுப் போனால் போதாது, திரும்பி வந்து பாலை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். த்ரெட்டுக்கென்று தனி இடம் ஒதுக்குவதை இன்றைய மொழிகள் ஒரே சொல்லில் முடித்துத் தருகின்றன. த்ரெட் முடியும்போது அதைச் சரியான வரிசையில், ஒரே ஒரு முறை, பாதுகாப்பாக அழிப்பதுதான் கடினம். அப்படி அழிக்கும் ஃபங்ஷன்தான் டெஸ்ட்ரக்டர். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

அடித்தளமாக லினக்ஸும் சி மொழியும். சி++, ரஸ்ட் இரண்டும் உள்ளே இதையே செய்கின்றன என்பதால் அங்கங்கே ஒப்பிடுகிறோம். குறிமுறைத் துண்டுகள் தமிழில் போலிநிரலாக இருக்கின்றன. உங்கள் மொழிக்கு வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் ரயிலேறி டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் மடியில் வைத்திருக்கும் சாதாரண லேப்டாப்பே முயன்றுபார்க்கப் போதும். த்ரெட்-லோக்கல் ஸ்டோரேஜின் சுருக்கப்பெயர் டிஎல்எஸ். இணையப் பாதுகாப்பில் வரும் டிஎல்எஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

படி 1: உண்மையில் தேவையா என்று பாருங்கள்

ஒரு பாயிண்டரை ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்டாகக் கொடுத்துவிட முடியுமானால் அதையே செய்யுங்கள். த்ரெட் ஃபங்ஷன் தொடக்கத்தில் பஃபரை உருவாக்கி, முடிவில் எழுதி மூடினால் டெஸ்ட்ரக்டரே வேண்டாம். டிஎல்எஸ் தேவைப்படுவது, த்ரெட்டை உருவாக்குவது நம் கையில் இல்லாதபோது. பிறர் எழுதிய மோட்பஸ் (தொழிற்கருவிகளோடு பேசும் நெறிமுறை) லைப்ரரி தன் த்ரெட்களிலிருந்து, நாம் அதனிடம் கொடுத்துவைத்த ஃபங்ஷனான கால்பேக்கை அழைக்கிறது, கால்பேக்கின் வடிவத்தை நாம் மாற்ற முடியாது என்றால் டிஎல்எஸ்தான் வழி. மெமரி அலொகேட்டர், லாக் எழுதும் லைப்ரரி, எர்னோ போன்ற பிழை எண் ஆகியவையும் இந்த வகை.

படி 2: இடம் ஒதுக்குதல்

சி11-இல் அடிக்கோட்டோடு தொடங்கும் த்ரெட்_லோக்கல், சி23-இலும் சி++11-இலும் வெறும் த்ரெட்_லோக்கல், ஜிசிசியின் பழைய நீட்டிப்பில் இரண்டு அடிக்கோடு போட்ட த்ரெட், ரஸ்டில் த்ரெட்_லோக்கல் என்ற மேக்ரோ. அடியில் நடப்பது ஒன்றுதான். கம்பைலர் இந்த மாறிகளைச் சாதாரண டேட்டா பகுதியில் வைப்பதில்லை. தொடக்க மதிப்பு உள்ளவற்றை டிடேட்டா என்ற பகுதியிலும், சுழியத்தில் தொடங்குபவற்றை டிபிஎஸ்எஸ் என்ற பகுதியிலும் வைக்கிறது. புது த்ரெட் பிறக்கும்போது டிடேட்டா நகலெடுக்கப்படுகிறது, டிபிஎஸ்எஸ் சுழியமாக்கப்படுகிறது.

எக்ஸ்86-64-இல் எஃப்எஸ் ரிஜிஸ்டரும், ஆர்ம்64-இல் டிபிஐடிஆர்_இஎல்0 ரிஜிஸ்டரும் நடப்பு த்ரெட்டின் அடிமுகவரியைக் காட்டும். எக்ஸ்86-64-இல் நம் மாறிகள் அந்த முகவரிக்குக் கீழே இருக்கும், ஆர்ம்64-இல் மேலே. அதனால் முதன்மை நிரலுக்குள் இருக்கும் டிஎல்எஸ் மாறியைப் படிக்க எக்ஸ்86-64-இல் ஒரே ஒரு இயந்திரக் கட்டளை போதும், ஆர்ம்64-இல் சில கட்டளைகள். ஷேர்டு லைப்ரரிக்குள் இருந்தால் பெரும்பாலும் டிஎல்எஸ்_கெட்_அட்ரஸ் என்ற ஃபங்ஷனை அழைக்க வேண்டிவரும். ஆப்ஜ்டம்ப் கருவியால் இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணெதிரே தெரியும். ரீட்எல்ஃப் கருவியில் செக்மென்ட் பட்டியலைக் கேட்டால் டிஎல்எஸ் என்று ஒரு வரி வரும். அதில் கோப்பு அளவு, மெமரி அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். கோப்பு அளவு டிடேட்டாவின் அளவு. மெமரி அளவில் டிபிஎஸ்எஸ்ஸும் சேர்ந்தது.

4,096 பைட் பஃபரை நேரடியாக டிஎல்எஸ் மாறியாக அறிவிக்காதீர்கள். அறிவித்தால் பஃபரைத் தொடவே தொடாத த்ரெட்களுக்கும் அந்த இடம் போகும். டிஎல்எஸ்ஸில் ஒரு பாயிண்டரும் ஒரு நிலை எண்ணும் மட்டும் இருக்கட்டும், பஃபர் ஹீப்பிலிருந்து (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) வரட்டும்.

சி மொழியின் த்ரெட்_லோக்கல் என்ற சொல்லுக்கு டெஸ்ட்ரக்டர் கிடையாது. த்ரெட் முடிந்தால் இடம் திரும்பப் போய்விடும். அந்தப் பாயிண்டர் காட்டிய ஹீப் பஃபரும் திறந்த கோப்பும் அனாதையாகிவிடும்.

படி 3: த்ரெட் முடிகிறது என்று நமக்குச் சொல்ல ஒரு ஆள்

யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரமான பாசிக்ஸ் தரும் வழி பிதிரெட்_கீ_கிரியேட். அதற்கு ஒரு டெஸ்ட்ரக்டர் ஃபங்ஷனைக் கொடுத்தால் ஒரு சாவி கிடைக்கும். ஒரு த்ரெட் அந்தச் சாவியில் பிதிரெட்_செட்ஸ்பெசிஃபிக் மூலம் வெற்று அல்லாத மதிப்பை வைத்திருந்தால், அது முடியும்போது சிஸ்டம் முதலில் அந்த மதிப்பை வெற்றாக்கிவிட்டு, பிறகு பழைய மதிப்போடு நம் ஃபங்ஷனை அழைக்கும். மதிப்பு வெற்றாகவே இருந்தால் அழைக்காது.

இங்கே முதல் தவறு நடக்கிறது: மாறிக்கு ஒரு சாவி என்று உருவாக்குவது. சாவிகளுக்கு எல்லை உண்டு. பாசிக்ஸ் உறுதி தருவது குறைந்தது 128. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் 1,024, மஸல் என்ற இன்னொரு சி லைப்ரரியில் 128. ஒரே புராசஸில் பத்து லைப்ரரிகள் தாராளமாக எடுத்தால் மஸலில் தீர்ந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், வெவ்வேறு சாவிகளின் டெஸ்ட்ரக்டர்கள் எந்த வரிசையில் ஓடும் என்று பாசிக்ஸ் சொல்வதே இல்லை. லாக் எழுதும் மாறி முதலில் அழிந்து, அதைப் பயன்படுத்தும் பஃபர் பிறகு அழிந்தால், செத்த மெமரியில் கை வைப்போம்.

ஆகவே நம் லைப்ரரி முழுவதுக்கும் ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி வெறும் மணி. அது அடித்தால் நாமே வைத்திருக்கும் பட்டியலை நாமே வரிசைப்படி அழிக்கிறோம். ரஸ்டின் நிலையான லைப்ரரியும் சிஸ்டத்தில் சிறப்பு வசதி இல்லாத இடங்களில் இந்த முறையைத்தான் கையாள்கிறது.

சாவியை ஒரே முறை உருவாக்கப் பிதிரெட்_ஒன்ஸ் போதும். அட்டாமிக் மாறியில் வைத்து, சுழியம் என்றால் இன்னும் உருவாக்கவில்லை என்று பொருள் கொள்பவர்கள் ஒரு கண்ணியில் மாட்டுவார்கள்: சிஸ்டம் தரும் சாவியின் எண்ணே சுழியமாக இருக்கலாம். அப்படி வந்தால் இன்னொரு சாவி வாங்கிக்கொண்டு, சுழியத்தை விட்டுவிட வேண்டும்.

படி 4: பட்டியல்

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு பட்டியல். அதில் ஜோடிகள்: எதை அழிக்க வேண்டும் என்ற முகவரி, அழிக்கும் ஃபங்ஷன். பட்டியலின் தலைப்பகுதி படி 2-இல் பார்த்த சாதாரண டிஎல்எஸ் மாறி. அதற்கென்று டெஸ்ட்ரக்டர் தேவையில்லை. இந்த த்ரெட் சாவியில் மதிப்பு வைத்துவிட்டதா என்று காட்டும் கொடியும் அப்படி ஒரு டிஎல்எஸ் மாறிதான்.

```
பதிவுசெய்(முகவரி, அழிப்பான்):
    கொடி பொய்யானால்:
        சாவியை ஒருமுறை உருவாக்கு
        சாவியில் 1 வை. முடியாவிட்டால் திருப்பு தோல்வி
        கொடி = மெய்
    இடம் நிறைந்திருந்தால் கொள்ளளவை இரட்டி;
        முடியாவிட்டால் திருப்பு தோல்வி
    பட்டியல்[எண்ணிக்கை] = (முகவரி, அழிப்பான்)
    எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
    திருப்பு வெற்றி
```

முதல் 8 ஜோடிகளுக்கான இடத்தைத் தலைப்பகுதிக்குள்ளேயே வையுங்கள். ஜோடிக்கு 16 பைட், மொத்தம் 128 பைட். பெரும்பாலான நிரல்களில் அதற்கு மேல் வராது, ஹீப்பைத் தொடவே வேண்டாம். இது வேகத்துக்காக மட்டும் இல்லை. நீங்கள் எழுதுவது மெமரி அலொகேட்டர் என்றால், பட்டியலுக்காக மெமரி கேட்பது உங்களையே திரும்ப அழைப்பதாகிவிடும். ஜிலிப்சியில் இன்னொரு படுகுழியும் இருக்கிறது. முதல் 32 சாவிகளுக்கான இடம் த்ரெட்டின் சொந்தப் பதிவேட்டுக்குள் உண்டு. அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள சாவியில் முதன்முறை மதிப்பு வைக்கும்போது பிதிரெட்_செட்ஸ்பெசிஃபிக் உள்ளே, மெமரி கேட்கும் காலொக்கை அழைக்கிறது. சோதனை நிரலில் சாவி எண் 3 என்பதால் ஓடும் அலொகேட்டர், பெரிய நிரலில் சாவி எண் 40 ஆனதும் முடிவில்லாமல் தன்னையே அழைத்து ஸ்டாக் நிரம்பி விழுவது இதனால்தான். அலொகேட்டர் எழுதுவோர், இப்போது சாவியில் மதிப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு டிஎல்எஸ் கொடி வைத்து, அந்த வேளையில் வரும் கோரிக்கைகளை வேறு வழியில் நிறைவேற்ற வேண்டும்.

படி 5: மாறிக்கு நான்கு நிலைகள்

முழு வேலைக்கும் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு மாறியோடும் ஒரு பைட் நிலை எண்: 0 தொடங்கவில்லை, 1 தொடங்கிக்கொண்டிருக்கிறது, 2 உயிரோடு உள்ளது, 3 முடிந்தது. தொடங்கவில்லை என்பதற்குச் சுழியத்தையே வைத்தால் மாறி டிபிஎஸ்எஸ்ஸில் போய் உட்காரும். நகலெடுக்கும் வேலையும் மிச்சம்.

```
எடு(மாறி):
    நிலை 2 என்றால் திருப்பு மாறியின் முகவரி
    நிலை 3 என்றால் திருப்பு வெற்று
    நிலை 1 என்றால் பிழைச்செய்தியோடு நிரலை நிறுத்து
    நிலை = 1
    மதிப்பை உருவாக்கு;
        முடியாவிட்டால் நிலை = 0, திருப்பு வெற்று
    பதிவுசெய் தோற்றால்:
        மதிப்பை அழி
        நிலை = 0
        திருப்பு வெற்று
    நிலை = 2
    திருப்பு மாறியின் முகவரி
```

உருவாக்கிய பிறகுதான் பதிவுசெய்கிறோம் என்பதைக் கவனியுங்கள். பஃபரை உருவாக்கும் ஃபங்ஷன் நடுவில் லாக் எழுதுகிறது என்று வையுங்கள். லாக் மாறி முதன்முறையாகத் தொடப்பட்டு, உருவாகி, பதிவாகிவிடும். பஃபர் அதற்குப் பிறகு பதிவாகும். அழிக்கும்போது கடைசியில் வந்தது முதலில் போகும் என்பதால் பஃபர் முதலில் அழியும். அப்போது லாக் இன்னும் உயிரோடு இருக்கும். யார் யாரை நம்பியிருக்கிறார் என்று நாம் எங்கும் எழுதி வைக்காமலே வரிசை சரியாக அமைகிறது. பதிவை முன்னால் தூக்கிப்போட்டால் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். சி++ மொழியும் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே டெஸ்ட்ரக்டரைப் பதிவுசெய்கிறது.

நிலை 1 எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உருவாக்கும் ஃபங்ஷன் சுற்றிவளைத்துத் தன் மாறியையே மறுபடி கேட்டால், நிலை இன்னும் 0 என்று நம்பி மறுபடி உருவாக்கத் தொடங்கிவிடும். ஒன்று ஸ்டாக் நிரம்பும், அல்லது இரண்டு பஃபர் உருவாகி ஒன்று தொலையும். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

நிலை 3-இல் வெற்று திரும்புவதை அழைப்பவர்கள் சோதித்தே ஆக வேண்டும். லாக் ஃபங்ஷன் வெற்றைப் பெற்றால், பஃபர் இல்லாமல் நேராக எஸ்டிடிஎர்ரில் எழுதட்டும். ரஸ்டில் இதற்குச் சமமானது ட்ரை_வித்; வெறும் வித் பயன்படுத்தினால் அழிந்த மாறியைத் தொட்டதும் பேனிக் வரும். சி++-இல் இந்தச் சோதனையே இல்லை. அழிந்த மாறியைத் தொட்டால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

படி 6: பட்டியலை வடித்தல்

சாவியின் டெஸ்ட்ரக்டராக நாம் கொடுப்பது இந்த ஃபங்ஷன்:

```
வடி():
    எண்ணிக்கை 0-ஐவிட அதிகமாக இருக்கும்வரை:
        எண்ணிக்கை = எண்ணிக்கை - 1
        ஜோடி = பட்டியல்[எண்ணிக்கை]-இன் நகல்
        ஜோடி.அழிப்பான்(ஜோடி.முகவரி)
    ஹீப்பில் வாங்கிய இடம் இருந்தால் விடுவி
    பட்டியலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவா
    கொடி = பொய்

பஃபர்_அழிப்பான்(மாறி):
    நிலை = 3
    மிச்சப் பதிவுகளை எழுது
    கோப்பை மூடு
    பஃபரை விடுவி
```

நிலையை 3 ஆக்குவது முதல் வரி. கடைசியில் வைத்தால், மிச்சப் பதிவுகளை எழுதும்போது பிழை வந்து, பிழை கையாளும் ஃபங்ஷன் எடு-வை அழைத்து, பாதி அழிந்த பஃபரை உயிருள்ளதாக வாங்கிக்கொள்ளும்.

ஜோடியை நகலெடுத்துவிட்டு அழைப்பதற்கும் காரணம் உண்டு. அழிப்பான் ஓடும்போதே புதிதாக ஒரு மாறி தொடப்பட்டுப் பட்டியலில் சேரலாம். அப்போது பட்டியல் வளர்ந்து வேறு முகவரிக்கு நகர்ந்தால், பழைய முகவரியை வைத்திருக்கும் சுட்டி செல்லாக்காசு. ஃபார் சுழலில் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டு வருபவர்கள் இப்படிப் புதிதாகச் சேர்ந்ததைத் தவறவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை மறுபடி பார்க்கும் வொய்ல் சுழலே பாதுகாப்பு.

இந்தச் சுழல் என்றாவது முடியுமா? அ-வின் அழிப்பான் ஆ-வை உருவாக்கி, ஆ-வின் அழிப்பான் அ-வை உருவாக்கிக்கொண்டே போகாதா? போகாது. நிலை 3-க்குப் போன மாறி அந்த த்ரெட்டில் மறுபடி உயிர்பெறாது. மாறிகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு, ஆகவே சுழலுக்கும் உண்டு.

கடைசி வரியில் கொடியைப் பொய்யாக்க மறந்தால் வரும் பிழையைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். நம் வடி முடிந்த பிறகு வேறொரு லைப்ரரியின் சாவி டெஸ்ட்ரக்டர் ஓடி, நம்முடைய இன்னும் தொடப்படாத மாறி ஒன்றைத் தொடலாம். கொடி மெய்யாகவே இருந்தால் சாவியில் மதிப்பு வைக்கமாட்டோம்; ஆனால் சிஸ்டம் அதை ஏற்கெனவே வெற்றாக்கிவிட்டது. மணி இனி அடிக்காது, அந்த மாறி கசியும். கொடியைச் சரியாகப் பொய்யாக்கினால் சாவி மறுபடி நிரம்பும். எல்லா டெஸ்ட்ரக்டர்களும் ஓடிய பின் சிஸ்டம் இன்னொரு சுற்று வந்து பார்க்கும். இந்தச் சுற்றுகளுக்குப் பாசிக்ஸ் சொல்லும் குறைந்தபட்சம் 4, ஜிலிப்சியிலும் 4தான். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் சிஸ்டம் கைவிட்டுவிடும்.

அழிப்பானுக்குள் செய்யக்கூடாதவை சில. பிதிரெட்_எக்ஸிட்டை அழைக்கக்கூடாது. சி++ எக்ஸெப்ஷன் வெளியே தப்பினால் நிரலே முடிந்துவிடும். ரஸ்டில் பேனிக் தப்பினாலும் அதே கதி. மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் பிடிக்கக்கூடிய பூட்டு) எடுப்பதானால், அதை வைத்துக்கொண்டு வேறு யாராவது இந்த த்ரெட்டுக்காகக் காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதன்மை த்ரெட் கோப்புப் பட்டியலின் மியூட்டெக்ஸைப் பிடித்தபடி, த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் பிதிரெட்_ஜாயினில் நிற்க, பஃபர்_அழிப்பான் கோப்பை மூட அதே மியூட்டெக்ஸைக் கேட்டால் இரண்டும் நின்றது நின்றபடி நிற்கும்.

படி 7: சிஸ்டமே பட்டியல் வைத்திருந்தால்

ஜிலிப்சி 2.18-லிருந்து, சி++ மொழிக்காக, சிஎக்ஸ்ஏ_த்ரெட்_அட்எக்ஸிட்_இம்ப்ல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பெயரின் முன்னால் இரண்டு அடிக்கோடு. அழிப்பான், முகவரி, எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்று காட்டும் டிஎஸ்ஓ_ஹேண்டில் ஆகிய மூன்றையும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். கடைசியில் வந்ததை முதலில் அழைக்கும். சாவி டெஸ்ட்ரக்டர்களுக்கு முன்பே ஓடும். ஆண்ட்ராய்டின் பயோனிக்கில் ஏபிஐ 23-லிருந்து உண்டு, மஸலில் இல்லை. மேக்கில் டிஎல்வி_அட்எக்ஸிட் என்று வேறு பெயர்.

வீக் சிம்பலாக (சிஸ்டத்தில் இல்லாவிட்டாலும் பிழை தராமல் முகவரியை வெற்றாக விடும் பெயர்) அறிவித்து, முகவரி வெற்றாக இல்லையென்றால் இதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் நம் பட்டியலுக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நிரலில் கலக்க வேண்டாம். சில மாறிகள் இங்கும் சில அங்கும் பதிவானால், படி 5-இல் இலவசமாகக் கிடைத்த வரிசை ஒழுங்கு கெட்டுப்போகும்.

விண்டோஸில் டிஎல்எஸ்_அலொக்குக்கு டெஸ்ட்ரக்டர் இல்லை. எஃப்எல்எஸ்_அலொக் கால்பேக் ஏற்றுக்கொள்ளும். இன்னொரு வழியான டிஎல்எஸ் கால்பேக்குகள், லைப்ரரிகளை ஏற்றும் பகுதியின் பூட்டான லோடர் லாக் பிடித்த நிலையில் ஓடும். அதற்குள் இன்னொரு த்ரெட்டுக்காகக் காத்திருந்தால் இரண்டும் நின்றது நின்றபடி நிற்கும் டெட்லாக் வரலாம்.

படி 8: முதன்மை த்ரெட்டும் புராசஸ் முடிவும்

மெயின் ஃபங்ஷனிலிருந்து திரும்பினால் எக்ஸிட் நடக்கும். எக்ஸிட் சாவி டெஸ்ட்ரக்டர்களை அழைப்பதில்லை. மற்ற த்ரெட்கள் இருந்த இடத்திலேயே மறையும்; அவற்றின் டெஸ்ட்ரக்டர் எந்த வழியிலும் ஓடாது. படி 7-இன் ஜிலிப்சி வழியில், எக்ஸிட்டை அழைத்த த்ரெட்டுக்கு மட்டும் ஓடும்.

நம் காற்றாலை நிரல் நிற்கும் முறை இப்படி இருக்க வேண்டும்: நிறுத்தக் கொடியை அட்டாமிக்காக மெய்யாக்கு, 24 த்ரெட்களையும் பிதிரெட்_ஜாயின் செய், முதன்மை த்ரெட்டுக்காக வடி-யை நாமே ஒருமுறை அழை, பிறகு திரும்பு. வடி காலிப் பட்டியலில் மறுபடி ஓடினாலும் தீங்கில்லை.

ஜாயினுக்குப் பதில், த்ரெட் ஃபங்ஷனின் கடைசி வரியில் ஒரு கொடியை ஏற்றி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பலரும் செய்யும் தவறு. டெஸ்ட்ரக்டர்கள் அந்தக் கடைசி வரிக்குப் பிறகுதான் ஓடுகின்றன. கொடியைப் பார்த்ததும் எக்ஸிட் செய்தால் 63 பதிவுகளும் போய்விடும், அதுவும் எப்போதாவது மட்டும். பிதிரெட்_ஜாயின் டெஸ்ட்ரக்டர்கள் முடிந்த பிறகே திரும்பும். ரஸ்டின் ஸ்கோப் த்ரெட்களிலும் இதே நுணுக்கம்: ஸ்கோப் தானாகக் காத்திருப்பது குளோஷர் முடியும்வரைதான். டிஎல்எஸ் அழிவும் முடிந்திருக்க வேண்டுமானால் ஹேண்டிலில் ஜாயினை வெளிப்படையாக அழையுங்கள்.

மின்தடைக்கும் கில் -9 கட்டளைக்கும் டெஸ்ட்ரக்டர் தெரியாது. மழையும் காற்றும் சேர்ந்த இரவில் மின்சாரம் போனால் எந்த ஃபங்ஷனும் ஓடாது. இழக்கத் தாங்காத தரவானால் 10 நொடிக்கு ஒருமுறை பஃபரை எழுதி எஃப்சிங்க் செய்யுங்கள். கணக்கு எளிது: ஒரு த்ரெட் இழப்பது அதிகம் போனால் 10 பதிவு, 640 பைட்.

ஃபோர்க் செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்துக் குழந்தைப் புராசஸ் உருவாக்கும் நிரல்களில் நேர்மாறான ஆபத்து. குழந்தைப் புராசஸில் ஃபோர்க் செய்த த்ரெட் மட்டும் இருக்கும், அதன் பஃபரும் எழுதாத பதிவுகளோடு நகலாகியிருக்கும். குழந்தை எக்ஸிட் வழியாக முடிந்து டெஸ்ட்ரக்டரும் ஓடினால், அதே பதிவுகள் கோப்பில் இருமுறை விழும். குழந்தை அடிக்கோட்டோடு தொடங்கும் எக்ஸிட்டால் முடியட்டும்.

படி 9: பிளக்-இன் லைப்ரரிகள்

நம் குறிமுறை டிஎல்_ஓப்பனால் ஏற்றப்பட்டு டிஎல்_க்ளோஸால் இறக்கப்படுவதானால், சாவி இருக்கும், அது காட்டும் ஃபங்ஷன் மெமரியில் இருக்காது. அடுத்த த்ரெட் முடியும்போது செக்மென்டேஷன் ஃபால்ட். ஸ்டாக் தடத்தில் பெயரில்லாத முகவரி ஒன்று மட்டும் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லிங்கருக்கு நோடிலீட் விருப்பத்தைக் கொடுப்பது எளிய தீர்வு. லைப்ரரி இறங்கவே இறங்காது. ஜிலிப்சி வழியில் டிஎஸ்ஓ_ஹேண்டில் கொடுப்பதும் இதற்காகத்தான்: அழிப்பான் மிச்சமிருக்கும்வரை அந்த லைப்ரரி இறக்கப்படாது. பிதிரெட்_கீ_டிலீட் செய்தால் விபத்து நின்றுவிடும், ஆனால் அது எந்த டெஸ்ட்ரக்டரையும் அழைக்காது என்பதால் மதிப்புகள் கசியும்.

ஏற்றும்போதே ஸ்டாட்டிக் டிஎல்எஸ் பிளாக்கில் இடமில்லை என்று பிழை வந்தால், யாரோ வேகத்துக்காக இனிஷியல்-எக்ஸெக் மாடலில் கம்பைல் செய்திருக்கிறார்கள். அந்த மாடல் நிரல் தொடங்கும்போதே ஒதுக்கிய இடத்தில்தான் உட்காரும். பின்னால் வருபவர்களுக்கு அங்கே கொஞ்சம்தான் மிச்சம். குளோபல்-டைனமிக் மாடலுக்கு மாற்றுங்கள்.

படி 10: த்ரெட் பூலும் அசிங்கும்

பூலில் உள்ள த்ரெட் வேலை முடிந்தாலும் முடியாது, அடுத்த வேலைக்குக் காத்திருக்கும். டெஸ்ட்ரக்டரும் ஓடாது. காற்றாலை 7-க்கான மிச்சப் பதிவுகள் பஃபரில் கிடக்க, அதே த்ரெட் காற்றாலை 12-க்கு எழுதத் தொடங்கினால் தரவு கலந்துவிடும். வேலை முடிவில் பஃபரைக் காலிசெய்யும் ஃபங்ஷனை நீங்களே அழையுங்கள், அழிப்பானும் அதே ஃபங்ஷனை அழைக்கட்டும். அசிங்க் நிரலில் அவெய்ட்டுக்கு முன் ஒரு த்ரெட், பின் வேறொரு த்ரெட் என்று மாறலாம். டிஎல்எஸ் முகவரியை அவெய்ட்டைத் தாண்டிக் கையில் வைத்திருக்காதீர்கள்.

படி 11: சோதனை

உருவாக்கலுக்கும் அழிவுக்கும் தலா ஒரு அட்டாமிக் எண்ணி வையுங்கள். 1,000 த்ரெட்களை உருவாக்கி ஜாயின் செய்த பின் இரண்டு எண்ணும் சமமாக இருக்க வேண்டும். பிறகு வம்பு சோதனைகள்: தன் மாறியையே கேட்கும் அழிப்பான் (வெற்றுதான் கிடைக்க வேண்டும்); புது மாறியைத் தொடும் அழிப்பான் (அதுவும் அழிந்திருக்க வேண்டும்); ஒரே த்ரெட்டில் 9 மாறிகள் (உள்ளிடமான 8 நிரம்பி ஹீப்புக்கு நகரும் தருணத்தைப் பிடிக்க). இந்த ஒன்பதாவது மாறியை ஒரு அழிப்பானுக்குள்ளிருந்து தொட்டும் ஓட்டுங்கள்.

இவற்றை மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு ஒருமுறையும், த்ரெட்களுக்கிடையிலான மோதல்களைப் பிடிக்கும் த்ரெட் சானிட்டைசரோடு ஒருமுறையும் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே கம்பைலில் சேர்க்க முடியாது. மெமரிக் கசிவைக் காட்டும் வால்கிரைண்ட் கருவியில் ‘ஒருவேளை கசிவு’ என்ற தலைப்பின்கீழ் அலொகேட்_டிடிவி என்ற பெயரும், அதற்குக் கீழே பிதிரெட்_கிரியேட்டும் தெரிந்தால் உங்கள் டெஸ்ட்ரக்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். யாரும் ஜாயின் செய்யாத த்ரெட் ஒன்று நிரல் முடியும்போது மிச்சமிருந்திருக்கிறது. எத்தனை பதிவு வந்தது என்று த்ரெட்டுக்கு ஒரு எண்ணிக்கை அச்சிட்டு, கோப்பின் அளவை 64-ஆல் வகுத்து ஒப்பிட்டால் எந்தக் காற்றாலையின் த்ரெட் அது என்பது தெரிந்துவிடும்.